பாணர் பேசி முடிக்கும் வரை

என் பெயரைச் சொல்வதற்கு எனக்குப் பத்துப் பதினோரு வயதுவரை வேறு ஆள் தேவைப்பட்டது. பெயர் "ப"வில் தொடங்கியது. அந்த எழுத்துக்காக உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டால் எளிதில் பிரியாது. பாப்பா பேர் என்ன என்று யாராவது குனிந்து கேட்பார்கள். நான் உதட்டை மூடியபடி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் பக்கத்தில் நிற்கும் அம்மாவோ அண்ணனோ பெயரைச் சொல்லி, என்ன வகுப்பு, எந்தப் பள்ளி என்பதையும் சேர்த்துச் சொல்லி முடித்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது சொல்ல வேண்டிய "ப்ரெசென்ட் மிஸ்" என்பதும் அதே எழுத்தில்தான் தொடங்கித் தொலைத்தது. இவள் கையைத் தூக்கினால் போதும் என்று அம்மா என் வகுப்பு டீச்சரிடம் பேசி ஏற்பாடு செய்திருந்தாள்.

அம்மாவும் டீச்சர்தான். கேம்ப் ரோட்டைத் தாண்டி வேறொரு பள்ளியில் கணக்கு நடத்தினாள். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக யோசிப்பாள். பிள்ளைகள் கணக்கின் முதல் வரியை எழுதும்போதே விடை அவளுக்குத் தெரிந்துவிடும். என் வாக்கியங்களையும் அப்படித்தான் முடித்து வைத்தாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சில சமயம் தவறும். "ப" என்று நான் ஆரம்பித்தால் பசிக்குதா என்று எழுந்து போய்த் தட்டு வைத்துவிடுவாள். படம் வரையக் கலர் பென்சில் கேட்கப் போய், இரண்டு தோசை தின்றுவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. எனக்கு அதில் மனக்குறை இருந்ததாக நினைவில்லை. வீட்டுக்கு வீடு அம்மாக்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் எங்கள் சபையில் பாலர் ஞாயிறு வந்தது. சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் போய் ஒரு வேதாகம வசனம் சொல்ல வேண்டும். என்னுடையது ஒரே வரி. வீட்டில் மனப்பாடமாகத் தெரியும். மைக்கின் முன்னால் போய் நின்றதும் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். மின்விசிறிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து அம்மா எழுந்து, மீதி வசனத்தை ஒரு சொல்லும் பிசகாமல் கணீரென்று சொல்லி முடித்தாள். சபை ஆமென் சொன்னது. ஆராதனை முடிந்ததும் நன்றாகச் சொன்னாய் என்று நாலைந்து பேர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் நடந்து சில வாரங்களில் முழுப் பரீட்சை விடுமுறை வந்தது. மாமா ஒரு புதிய ஆட்டத்தைக் கொண்டுவந்தது அப்போதுதான்.

மாமா அம்மாவின் தம்பி. மேடவாக்கத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தார். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரை உடைத்துப் பார்ப்பதுதான் தன் வேலை, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கும் அண்ணனுக்கும் பெரியவர்களின் உலகத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. சனிக்கிழமைதோறும் பைக்கில் சேலையூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை, பையிலிருந்து தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் ஒரு துணிப்பை நிறையப் பகடைகளையும் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் கொட்டினார். பகடைகளில் ஒன்றுக்கு இருபது முகம்.

இது பலகையில் காய் நகர்த்தி ஆடும் ஆட்டம் இல்லை என்று மாமா விளக்கினார். அவர் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவார். நாங்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்போம். ஓநாய் வந்தால் என்ன செய்வது, கதவைத் தட்டுவதா உடைப்பதா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. முதலில் ஆளுக்கொரு கிளாஸ் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். நான் ஐந்தாம் கிளாஸ் என்று விரலால் காட்டினேன். அது இல்லை, இங்கே கிளாஸ் என்றால் தொழில்மாதிரி என்று சொல்லிப் புத்தகத்தைப் புரட்டினார்.

போர்வீரனை அண்ணன் அந்த நொடியே எடுத்துக்கொண்டான். அவனுக்கு அப்போது பதினான்கு வயது. கோவிலம்பாக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்து போய்க்கொண்டிருந்த பெரியம்மா மகள், அவளை நான் அக்கா என்பேன், திருடனைக் கேட்டாள். மந்திரவாதி என்ற சொல் அடுக்களைக்குக் கேட்டதும் அம்மா கையில் கரண்டியோடு வந்துவிட்டாள். இந்த வீட்டில் மந்திரம் தந்திரம் எதுவும் வேண்டாம் என்றாள். திருடன் மட்டும் பரவாயில்லையா என்று மாமா கேட்டார்.

"திருடன் மனந்திரும்பலாம்," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

ஆகவே எனக்கு மிச்சமிருந்தது பாடகன் ஒருவன்தான். நம் பழைய பாணர்கள் மாதிரி என்றார் மாமா. தமிழ்ப் புத்தகத்தில் யாழ் வைத்துக்கொண்டு அரசனைத் தேடி நடந்துகொண்டே இருப்பார்களே, அவர்கள்தானே என்று அண்ணன் கேட்டான். அப்படியே பாணர் என்று பெயர் நிலைத்துவிட்டது.

மாமாவின் கதையில் ஓர் அரசன் மழையைப் பிடித்துத் தன் கோட்டைக்குள் பூட்டி வைத்திருந்தான். நாங்கள் மூவரும் போய் அதைத் திறந்துவிட வேண்டும். கோட்டை வாசலில் வேங்கைகள் காவல் இருந்ததால் அதற்கு வேங்கைவாசல் என்று பெயர். அடுத்த ஊரின் பெயரை அப்படியே தூக்கி வைத்துவிட்டார் என்று அண்ணன் முனகினான். எனக்கோ, பஸ் நிற்கும் அந்த வேங்கைவாசலுக்குள் உண்மையிலேயே வேங்கைகள் இருந்திருக்கின்றன என்பதே பெரிய செய்தியாக இருந்தது.

பாணருக்குப் புத்தகம் கொடுத்திருந்த திறமை இதுதான்: சண்டை நடக்கும்போது நண்பர்களில் ஒருவரைப் பார்த்து ஊக்கமாக ஏதாவது சொல்லலாம். கேட்டவர் அடுத்து உருட்டும் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இருபதில் ஒன்று. போர்வீரன் ஒரே வீச்சில் மூன்று ஓநாய்களைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது இது எதற்கு உதவும் என்று அண்ணன் வெளிப்படையாகவே கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதல் சண்டையில் என் முறை வந்தது. அண்ணனைப் பார்த்துப் பின்னால் பார் என்று சொல்ல நினைத்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. அவன் கொஞ்ச நேரம்கூடக் காத்திருக்கவில்லை. சரி சரி, ஒன்று கூட்டிக்கொள்கிறேன் என்று பகடையை உருட்டிவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. எங்கள் வீட்டு வழக்கமே அதுதான். இரண்டாவது சண்டையில் நான் வாயைத் திறக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவன் ஒன்று கூட்டிக்கொண்டான். சௌகரியமாக இருந்தது. அன்று மாலைக்குள் நான் பேசாத பாணர் ஆகியிருந்தேன். அதில் ஏதும் விசித்திரம் இருப்பதாக மேஜையில் யாருக்கும் தோன்றவில்லை. மாமா மட்டும் என் விரலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன், பாணரின் திறமை ரொம்பப் பலவீனமாக இருக்கிறது, அதை நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். புத்தகத்தில் அச்சடித்ததை மாற்றலாமா என்று அண்ணன் திகைத்தான். உலகம் முழுக்க மாற்றுகிறார்கள், அதற்கு ஹோம்ப்ரூ என்று பெயரே இருக்கிறது என்றார் மாமா. அப்படியென்றால் என்ன என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். வீட்டிலேயே காய்ச்சுவது என்று மாமா யோசிக்காமல் மொழிபெயர்த்துவிட்டார். தாம்பரம் பக்கம் காய்ச்சுவது என்றால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். மறுபடியும் கரண்டியோடு வந்த அம்மாவுக்கு, காய்ச்சப்போவது சாராயம் இல்லை, ஆட்டத்தின் விதியை என்று புரிய வைப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னோம். ஒன்றுக்குப் பதில் மூன்று கூட்டலாம் என்றான் அண்ணன். பாணருக்கு ஒரு வில் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொன்னான். அக்காவின் யோசனை வேறு. பாணர் பேச வேண்டாம், பாடட்டும் என்றாள். "பாடினா இவளுக்குத் திக்காதுல்ல?"

அது உண்மை. பாடும்போது எனக்குத் திக்கியதே இல்லை. சபையில் எல்லாப் பாட்டையும் தடையில்லாமல் பாடுவேன். செய்து பார்த்தோம். ஓநாயை வெட்டு அண்ணா என்று ஒரு கீர்த்தனை மெட்டில் நான் பாட, அண்ணனும் அக்காவும் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டாவது முறை பாட மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். ஏன் என்று அக்கா கேட்டாள். என்னால் விளக்க முடியவில்லை. பாடியபோது யாரோ வேறு ஒருத்தி அண்ணனிடம் பேசியது போல இருந்தது.

மாமா இருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். பிறகு இருபது முகப் பகடையைக் கையில் உருட்டியபடியே புதிய விதியைச் சொன்னார்.

"பாணர் பேச ஆரம்பிச்சா, முடிக்கிற வரைக்கும் அந்த உலகத்துல எதுவும் நகராது. ஓநாய் பாய்ஞ்சுட்டிருந்தா அந்தரத்துலயே நிக்கும். நாமளும் பேசக் கூடாது, பகடையைத் தொடக் கூடாது. முடிச்சப்புறம் எத்தனை வார்த்தையோ அத்தனை கூட்டிக்கலாம்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நடுவில் யாராவது எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டான்.

"எடுத்துக் குடுத்தவங்களுக்கு அந்தச் சுத்து கிடையாது. சும்மா நின்னு அடி வாங்க வேண்டியதுதான்."

இது ரொம்ப ஓவர் என்று அண்ணன் வாதாடினான். இவளை நூறு வார்த்தை பேசச் சொன்னால் நான் நூறு கூட்டிக்கொள்வேனே, அப்புறம் ஆட்டம் எங்கே இருக்கும் என்றான். மாமா அதைக் கேட்டு மகிழ்ந்துதான் போனார். உடைத்துப் பார்ப்பது அவருடைய தொழில் அல்லவா. பத்துக்கு மேல் கூட்டக் கூடாது, ஒரு தடவை சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொன்னால் கணக்கில் வராது, பேச்சு எதிரே இருக்கிற ஒருவரைப் பார்த்து அவருக்காகச் சொல்வதாக இருக்க வேண்டும் என்று மூன்று ஓட்டைகளை அடைத்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. மேஜையிலேயே பலசாலி திடீரென்று நான்தான்.

சோதனை ஓட்டத்தில் முதலில் மாட்டியது அண்ணன். ஓநாய் அவன்மேல் பாய்ந்தது. நான் பேசப்போவதாகக் கையைத் தூக்கினேன். "ப்" என்றதுமே அவன் வாய் பழக்கதோஷத்தில், "பாத்து வெட்டுன்றா, சரி," என்று சொல்லிவிட்டது. மாமா ஓநாயின் பற்களை அவன் தோளில் இறக்கினார். அதற்கடுத்த சுற்றிலும் அவனால் அடக்க முடியவில்லை. தொடையிலும் கடி வாங்கினான். மூன்றாவது சுற்றில் தன் வாயைத் தானே உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். அக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

இப்போது யாரும் உதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு சின்ன விமானம் எங்கள் மாடிக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அது போன பிறகு வீடே நிசப்தமாகிவிட்டது. சொல் உதட்டுக்குப் பின்னால் அப்படியே நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் யாராவது அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். இன்று வாங்க ஆள் இல்லை. சூடான பாத்திரத்தைத் தூக்கிவிட்டு வைக்க இடம் தெரியாமல் நிற்பவளைப் போல முழித்தேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல் பகடையின் முகங்களை எண்ணிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கடைசியில் வந்தது.

"பின்னாடி பாரு."

"இவ்ளோ நேரம் வெயிட் பண்ணதுக்கு ரெண்டுதானா?" என்றான் அண்ணன். ஆனாலும் அந்த இரண்டைக் கூட்டித்தான் அவன் ஓநாயை வெட்டினான்.

அந்தக் கேள்வி என்னைக் குத்திவிட்டது. அதன் பிறகு எனக்கு வார்த்தைப் பேராசை பிடித்துக்கொண்டது. வாரம் முழுவதும் குளிக்கும்போதும் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதும் நீளமான வாக்கியங்களாக யோசித்து வைத்துக்கொண்டேன். திக்கு குறைந்ததா என்றால், இல்லை. வார்த்தை கூடியதால் திக்கும் கூடியது. ஐந்து வார்த்தை சொல்வதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு காலை ஆட்டுவான். அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். உலகம் நின்றுகொண்டிருக்கும். நான் முடித்ததும் ஓநாய்கள் மறுபடி பாய ஆரம்பிக்கும். அவர்கள் பொறுமையாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. விதி அப்படி, வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

வேங்கைவாசலை நாங்கள் அடைந்த சனிக்கிழமை, அக்காவுக்குக் காய்ச்சல் என்று கோவிலம்பாக்கத்திலிருந்து போன் வந்தது. கோட்டை மதிலில் கயிறு கட்டி ஏறி உள்ளேயிருந்து கதவைத் திறக்கத் திருடன் வேண்டும். ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாமா அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா ஒரு முறத்தில் பூண்டோடு வந்து உட்கார்ந்தாள். உரித்துக்கொண்டே ஆடுவதாக ஒப்பந்தம். திருடன் என்று சொல்லாதே, பூட்டு ரிப்பேர் செய்கிறவன் என்று வைத்துக்கொள் என்று தம்பியிடம் நிபந்தனை போட்டாள். மாமா பாணரின் விதியை விளக்க ஆரம்பித்தபோது, தெரியும் தெரியும், அடுக்களையில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள்.

நன்றாகவே ஆடினாள். எந்த எண் விழுந்தால் எத்தனை வாய்ப்பு என்று மனக்கணக்காகவே சொல்லிவிட்டுத்தான் பகடையை உருட்டினாள். ஒரு வேங்கையைத் தூங்க வைத்தது அவள் யோசனைதான். அண்ணனே அவளை வியப்பாகப் பார்த்தான். பிறகு கயிற்றைப் பிடித்து மதிலில் ஏறினாள். பாதி உயரத்தில் பகடையில் நான்கு விழுந்தது.

கால் வழுக்கிவிட்டது, ஒற்றைக் கையில் தொங்குகிறாய், கயிறு கல்லில் உரசி இழை இழையாகப் பிரிகிறது, கீழே தூங்காத வேங்கை ஒன்று எழுந்து நிற்கிறது என்று மாமா சொல்லிக்கொண்டே போனார். அடுத்த உருட்டலில் பதினாறோ அதற்கு மேலோ வர வேண்டும். வராவிட்டால் விழுந்துவிடுவாய். அம்மா பூண்டை வைத்துவிட்டாள். கால்வாசி வாய்ப்புதான் என்று மெதுவாகச் சொன்னாள். ஆட்டம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அம்மா கீழே விழப்போகிறாள் என்றே எனக்குப் பட்டது.

நான் கையைத் தூக்கினேன்.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அம்மாவைப் பார்த்துப் பயப்படாதே என்று சொல்ல வேண்டும். அதுவும் "ப"தான். உதடு ஒட்டிக்கொண்டது. தாடை இறுகியது. கண்ணில் நீர் முட்டியது. அம்மாவின் முகம் எனக்கு நேரெதிரே இருந்தது. அவள் உதடுகள் என் உதடுகளைப் போலவே மூடின. எனக்காக அதைச் சொல்லிவிட அவள் வாய் திறந்தது. அண்ணன் தன் வாயைப் பொத்தியிருந்த கையை எடுக்காமலே, வேண்டாம் வேண்டாம் என்று கண்களை உருட்டித் தலையை ஆட்டினான். மாமா இந்த முறை பகடையின் முகங்களை எண்ணவில்லை. அவர் முதல்முறையாக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவ்வளவு நேரம் அவள் என் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலை அவளே சொல்லிவிட்டு, எப்போதும் அடுத்த வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

"பயப்படாத," என்றேன். அது வந்ததும் மற்றவை அதன் பின்னால் தட்டித் தடுமாறி வந்தன. நடுவில் இன்னும் இரண்டு இடத்தில் நின்றேன். யாரும் அசையவில்லை. "பயப்படாத. கயித்த விடாத. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ விழ மாட்ட."

மாமா விரல் விட்டு எண்ணினார். சரியாகப் பத்து.

அம்மா பகடையை உருட்டினாள். ஏழு. கூட்டினால் பதினேழு. அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தான். திருடன் மதிலைத் தாண்டிவிட்டான். இனிமேல் கதவைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி. மழை உள்ளேதான் இருக்கிறது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் அது நிற்கவில்லை. தண்ணீரை வீணாக்கினால் எங்கள் காதைத் திருகுகிறவள் அவள். உள்ளே போய்ப் பார்க்கட்டுமா என்று எழுந்த என்னை மாமா உட்காரச் சொன்னார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். ரொம்ப வேர்க்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். கதைக்குள் மழை கொட்டியது. மாமா அதை மிக அழகாகச் சொன்னார் என்று பின்னாளில் அண்ணன் சொல்வான். நான் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு ஆட்டம் பிடிக்கவில்லை, நான் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில் சலித்துப்போய்விட்டாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அது சரிதான் என்பது அடுத்த வாரமே உறுதியானது. அம்மா என்னைக் கேம்ப் ரோட்டுக்குக் கீரை வாங்க அழைத்துப் போனாள். வண்டிக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "இன்னா பாப்பா, இன்னா கீரை வோணும்?" என்று என்னிடம் கேட்டார். பொன்னாங்கண்ணி என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். எனக்கு அது வராது என்று அம்மாவுக்குத் தெரியும். நான் நின்றேன். வழக்கம்போல அவள் சொல்லிவிடுவாள் என்று அவள் பக்கம் திரும்பினேன். அம்மா பையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பின்னால் ஒரு பெண்மணி கொத்தமல்லிக்குக் காத்திருந்தார். வண்டிக்காரர், பாலக் கீரையா, பருப்புக் கீரையா என்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

"இருங்க அண்ணா," என்றாள் அம்மா. "அவ சொல்லுவா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதென்ன தண்டனை. அவள் கோபத்தை எல்லோர் முன்னாலும்தான் காட்ட வேண்டுமா. அந்த ஆத்திரத்தில்தானோ என்னவோ, மூன்று தடவை முட்டி மோதி, பொன்னாங்கண்ணி என்று கத்தியேவிட்டேன். கொத்தமல்லிப் பெண்மணி திடுக்கிட்டார். வண்டிக்காரர் இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்தார். வீடு வரும்வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதையும் வழியில் வண்டிகள் போவதால்தான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் என் வாக்கியங்களை அவள் முடித்து வைப்பதை நிறுத்திவிட்டாள். தோசை வேண்டுமா என்பதைக்கூட நானே சொல்லி முடிக்கும்வரை அடுப்பருகே கரண்டியோடு நின்றாள். சில சமயம் தோசை கருகியது.

சனிக்கிழமை மாமாவின் பைக் சத்தம் கேட்டதும் நான் படியிறங்கி ஓடினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. பாணரின் திறமையைப் பழையபடி ஒன்றாகவே குறைத்துவிடலாம், எனக்கு ஒரு விரல் போதும், அம்மா ரொம்பக் கோபமாக இருக்கிறாள், இப்போதெல்லாம் எனக்கு உதவுவதே இல்லை என்றேன். மாமா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்டார். பதில் சொல்வார் என்று பார்த்தேன். அவர் கீழே குனிந்து, ஏற்கெனவே போட்டிருந்த பைக் ஸ்டாண்டை மறுபடி காலால் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு என் தலையில் கையை வைத்துவிட்டு, எனக்கு முன்னால் படியேறிப் போய்விட்டார்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரே வாரத்தில் என்மேல் அப்படி என்ன கோபம் என்று, அன்று ஆட்டம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.